கண்ணில் தெறித்த காரமும் நான் ஊற்றிய வினிகரும்

என் பெயர், வயது, முகவரி மேலே எழுதியுள்ளபடி சரி. நானும் என் கணவரும் வீட்டின் பின்கட்டில் சோப்பு தயாரித்து விற்கிறோம். மாமியார் எங்களுடன் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம், அதை மறைக்கவில்லை.

சோப்புக்காகக் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைப்போம். அது கடுமையான காரம், பட்ட இடம் வெந்துபோகும். தரையில் சிந்தினால் வினிகர் ஊற்றுவோம். வினிகர் அமிலம், காரத்தை முறித்துவிடும். அதன் பிறகு சிவப்பு லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்து, அது நீலமாகாவிட்டால்தான் அங்கே கால் வைப்போம். "இந்த வீட்டுல நீ நம்புற ஒரே ஆளு இந்தத் தாளுதான்" என்று கணவர் கேலி செய்வார்.

இன்று காலை வாளி சரிந்து, காரத் தண்ணீர் என் கணவருடைய வலது கண்ணில் தெறித்தது. "தண்ணி, தண்ணி ஊத்துடி" என்று அலறினார். குழாய் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைத் தாண்டிப் போய் வினிகர் கேனை எடுத்து வந்தேன். "தண்ணி வேலைக்காகாதுங்க, பொறுங்க, முறிச்சிடலாம்" என்று சொல்லி, இமையை விரித்துப் பிடித்து ஊற்றினேன். அவர் கையைத் தட்டிவிட்டார், நான் விடவில்லை. அதன் பிறகு கன்னத்தில் வழிந்ததை லிட்மஸ் தாளில் தொட்டுப் பார்த்தேன். நீலமாகவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்து, கண்ணைத் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

நான் ஆசிட் ஊற்றியதாக மாமியார் இந்த போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். வினிகரும் ஆசிட்தான், அதில் பொய் இல்லை. கெடுக்க ஊற்றினேன் என்பதுதான் பொய்.

ஆனால் என் கணவர் டாக்டரிடம், "அவ உடனே தண்ணி ஊத்தி ரொம்ப நேரம் கழுவினா" என்று சொல்லியிருப்பதாகவும், நானும் அப்படியே சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றும் இங்கே சொன்னார்கள். என்னைக் காப்பாற்ற அந்த மனுஷன் தன் கண்ணைப் பணயம் வைக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அந்தக் கண்ணில் படவில்லை. தாள் காட்டியது கன்னத்தில் வழிந்ததை, கண்ணுக்குள் நின்றதை இல்லை. அந்தக் காரம் இந்த நேரம் வரை உள்ளே அரித்துக்கொண்டிருக்கலாம். கழுவிய கண் என்று நம்பி டாக்டர் வேறு நோயாளியைப் பார்க்கப் போயிருப்பார்.

ஐயா, கோர்ட்டுக்கு அப்புறம் அனுப்பிக்கொள்ளுங்கள், என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள்.

சொன்னது அத்தனையும் சத்தியம். படித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள், அதற்கெல்லாம் நேரமில்லை என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன்.