மிரண்டாளா, மிரட்டினாளா?

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, அக்காளை இழந்து நிற்கும் தம்பி ஆல்பிரெக்ட் அவர்களே, மழையையும் பாராமல் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் மாணவர்களே!

முனைவர் ஒட்டீலியே பிராண்ட்ஹோர்ஸ்ட் அம்மையார் மறைந்துவிட்டார். நம் மாலைப் பள்ளியில், வேறு நாடுகளிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஜெர்மன் கற்பித்த குரல் ஓய்ந்துவிட்டது. பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தியவன் என்ற உரிமையில் ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

குரோவேஷியாவிலிருந்து வந்த நெவெங்கா அவருடைய மாணவி. முதியவர் டீடமானை வீட்டோடு இருந்து கவனித்துக்கொண்டவர். ஒருநாள் டீடமான் மாடிப்படியில் உருண்டு இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். போலீஸ் கேட்டபோது, நடுக்கத்தில், அரைகுறை ஜெர்மனில் நெவெங்கா சொன்னது இவ்வளவுதான்: "நான் மிரட்டினேன். அவர் விழுந்தார்."

மிரட்டினாரா? அல்லது மிரண்டுபோனதைத்தான் அப்படிச் சொன்னாரா? யார் கண்டது! முதியவரின் மகன் புகார் கொடுத்தார். நெவெங்காவின் வேலை போயிற்று. வழக்கு நீதிமன்றம் ஏறியது. அம்மையார் சாட்சி சொல்லப் போனார். நானும் உடன் போனேன்.

"ஒரு வினைச்சொல்லப் பத்தி என்னம்மா சாட்சி? எங்களுக்கும் ஜெர்மன் தெரியுமே" என்றார் நீதிபதி.

"தெரியும் ஐயா. பழகின பாதைங்கிறதால அதுல இருக்குற பள்ளம் உங்க கண்ணுல படல."

எவ்வளவு நிதானமாக விளக்கினார்! சொல் 'எர்ஷ்ரெக்கன்'. ஆதியில் அதன் வேருக்குக் குதித்தல் என்று பொருள். வெட்டுக்கிளியை இன்றும் 'ஹொய்ஷ்ரெக்கெ', அதாவது 'வைக்கோலில் குதிப்பது' என்றுதானே அழைக்கிறோம்? தானே துள்ளியவர் மிரண்டவர். அவருக்கு இறந்தகாலத்தில் உயிரொலியே மாறும்: எர்ஷ்ராக், எர்ஷ்ரோக்கன். பிறரைத் துள்ளவைத்தவர் மிரட்டியவர். அவருக்கு உயிரொலி மாறாது, வால்தான் ஒட்டும்: எர்ஷ்ரெக்ட. துணைவினையும் வேறு வேறு: மிரண்டவருக்கு 'பின்', மிரட்டியவருக்கு 'ஹாபெ'. ஆனால் நிகழ்காலத்தில், 'நான்' என்று தொடங்கினால், இரண்டுக்கும் ஒரே வடிவம்! அதிலிருந்து இறந்தகாலத்தை அமைக்கப் பார்க்கும்போது, புதிதாகக் கற்பவர் சறுக்காமல் என்ன செய்வார்?

சொல்லிக்கொண்டே கையிலிருந்த இலக்கணப் புத்தகத்தை மேசையில் ஓங்கி அடித்தார். அரசு வழக்கறிஞர் நாற்காலியிலிருந்து துள்ளி, "ஐயோ, மிரண்டே போயிட்டேன்!" என்று கத்தினார்.

"கேட்டீங்களா ஐயா? 'எர்ஷ்ரோக்கன்'ங்கிற மிரண்டவனோட வடிவத்துக்கு 'ஹாபெ'ங்கிற மிரட்டினவனோட துணைவினையைப் போட்டுட்டாரு. இவரு இந்த ஊர்லயே பொறந்தவரு."

மன்றமே சிரித்தது. "இன்னொரு தடவ அடிச்சீங்கன்னா அபராதம் போடுவேன்" என்ற நீதிபதியும் சிரித்தார்.

வழக்கில் வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன். நெவெங்காவின் வக்கீலும் உற்சாகமாகக் கேட்டார்: "அப்போ நெவெங்கா மேல தப்பே இல்லைங்கிறீங்க?"

"அது எனக்குத் தெரியாது. நான் அங்க இல்ல. எனக்குத் தெரிஞ்சது வினைச்சொல் மட்டுந்தான். வீட்டுல ரெண்டு பேரு இருந்தாங்களே, இன்னொருத்தரையும் கேளுங்க."

நெவெங்காவின் முகம் வெளிறிப்போனது. வெளியே வந்ததும் அழுதார். "எனக்காக ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, டீச்சர்?"

"சொல்லியிருந்தா, அதுக்கு முன்னால சொன்னதையும் நம்பியிருக்க மாட்டாங்கம்மா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் அம்மையார். நெவெங்கா கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார். அன்று அம்மையார் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அப்பாவுக்கு நினைவு சரியில்லை என்று மகன் சொன்னதை நம்பி, அதுவரை யாருமே முதியவரிடம் கேட்கவில்லை! நீதிபதி மருத்துவமனைக்கே போனார்.

"செருப்பு வழுக்கிருச்சு. அந்தப் பொண்ணு கீழ நின்னுச்சு. நான் உருண்டு வர்றதப் பாத்து மிரண்டுபோச்சு, பாவம். ஆமா, ஏன் இப்பல்லாம் அவள வர விடமாட்டேங்கிறீங்க?"

எர்ஷ்ராக்! மிரண்டவருக்கு உரிய அதே சொல்லைத்தான் அந்த முதியவர் சொன்னார். நெவெங்கா விடுதலையானார். நன்றி சொல்ல வந்தவரிடம் அம்மையார், "நீ உண்மையச் சொன்ன, அவரும் உண்மையச் சொன்னாரு. அவ்வளவுதான்" என்றார்.

அன்புக்குரியவர்களே! தனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்லவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் நம்மில் எத்தனை பேருக்குத் துணிச்சல் உண்டு?

அவருடைய வகுப்பு நின்றுவிடுமா என்று வாசலில் சிலர் கேட்டீர்கள். நிற்காது. அடுத்த வாரமே தொடங்குகிறோம். ஆனால் பொறுப்பு பள்ளிக்கு மட்டுமல்ல. கடையிலோ அலுவலகத்திலோ ஒருவர் தடுமாறிப் பேசும்போது, நாமாக ஒரு முடிவுக்கு வருவதற்கு முன், "நீங்க என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்போம். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம்.