மூட்டையின் மேல் என் கையெழுத்து

ஆரவாரம் இல்லாமல் அவையை ஆளும் தலைவர் அவர்களே, மேடைக்கு மாண்பு சேர்க்கும் பெரியோர்களே, ஆலையிலிருந்தும் கடைவீதியிலிருந்தும் வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, கலவைச் சட்டி சுமந்த தலையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கொத்துக்கரணை பிடித்துக் காய்த்த கைகளுக்குச் சொந்தக்காரர்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

உங்கள் கையிலிருக்கும் தீர்மானத்துக்காகப் பேச வந்திருக்கிறேன்; ஆனால் நான் பேச்சாளி அல்ல. பரிசோதனைக்கூடத்தில் சிமெண்டைக் கரைத்து, வடிகட்டி, மருந்து விட்டு நிறம் பார்ப்பவள். ஊதா படர்ந்தால் உள்ளே குரோமியம் என்னும் நஞ்சு. நிறமற்று நின்றால் நிம்மதி. இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பிழைப்பு அந்த ஊதாவோடுதான்.

“குரோமியம்னா எல்லாமே விஷமா?” என்று முன்வரிசை அம்மா கேட்கிறார். இல்லை தாயே. அதில் ஒரு வகை சாது. இன்னொன்றை எங்கள் கூடத்தில் ஆறாம் குரோமியம் என்போம். ஈரச் சிமெண்டில் கரைந்து தோலுக்குள் புகுந்துவிடும். அதன் பல்லைப் பிடுங்கத்தான் ஆலையில் இரும்பு உப்பு கலக்கிறார்கள். ஆனால் அந்த உப்புக்கு ஆயுள் சில மாதங்கள்தான்.

அதோ, மூன்றாம் தூணோரம் கையுறை போட்ட கைகளை மடியில் வைத்திருப்பவர் என் அண்ணன். அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடும் வீட்டில் எனக்குத் தலை வாரிய கைகள் அவை. இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிய கைகள் அவை. நிமிர்ந்து பாருண்ணா, நான் பொய்யா சொல்றேன்?

அண்ணன் கொத்தனார். ஒருநாள் சிமெண்ட் கடையில், மூட்டை அடுக்கின் மேல் ஒட்டியிருந்த சோதனைச் சான்றிதழைப் பார்த்தார். வாங்கினார்; வெறுங்கையால் குழைத்தார். மூன்றே வாரத்தில் விரல்கள் வெடித்து நீர் வடிந்தது. மிச்சமிருந்த மூட்டையை நானே கொண்டுபோய்ச் சோதித்தேன். குடுவை முழுக்க ஊதா.

அப்படியானால் சான்றிதழ் பொய்யா? பொய்யில்லை. ஆலை வாசலில், அன்று நிரப்பிய மூட்டையை அன்றே சோதித்துத் தந்தது அது. மூட்டையோ கடையின் ஒழுகும் கூரைக்குக் கீழே ஒன்பது மாதம் கிடந்தது. மூட்டைக்கு மூப்பு வந்தது. தாளுக்கு மட்டும் மூப்பு வரவில்லை. எத்தனை மாதம் செல்லும் என்று சட்டமும் கேட்கவில்லை, சான்றிதழில் எழுதவும் இல்லை. எழுதாதவள் யார்? நான்தான். அதில் இருந்தது என் கையெழுத்து.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அண்ணன் சொன்னார்: “கீழ உன் கையெழுத்து இருந்துச்சு. அப்புறம் என்ன யோசிக்கிறதுன்னு வாங்கிட்டேன்.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தோல் இந்த நஞ்சை ஒருமுறை பகைத்தால் மறக்காது, இனிச் சிமெண்டைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணன் மகள் இப்போது தன் சடையைத் தானே பின்னிக்கொள்கிறாள். எனக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஏங்குகிறேன் ஐயா, அந்த விரல்கள் ஒருமுறை என் தலையில் படாதா என்று ஏங்குகிறேன். நான் போகும்போதெல்லாம் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

“பழைய மூட்டைய நான் என்னம்மா பண்றது?” என்கிறார் கடைக்காரர் ஒருவர். நியாயம். ஆலையே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானத்தின் நாலாவது வரியில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

நாங்கள் கேட்பது நட்சத்திரமா, நிலவா? மூட்டைதோறும் காலாவதி நாள்! ஆலை வாசலில் ஒரு சோதனை, கடை வாசலில் மறுசோதனை! நஞ்சு வரம்பு மீறினால் விற்பனைக்குத் தடை! இவ்வளவுதான். தலைவர் இதோ வாக்குக்கு விடுகிறார். ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள். காய்த்த கை உயரட்டும், வளையல் கை உயரட்டும், வெடித்த கை உயரட்டும்!

தூணோரம் ஒருவர் கையுறையைக் கழற்றுகிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கையை உறையில்லாமல் பார்க்கிறேன். உயர்ந்துவிட்டது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி, வணக்கம். அண்ணா, நான் இறங்கி வர்றேன். கையப் பின்னாடி கட்டிக்காதே.