இரண்டு துண்டாகப் போன நேரம்

தேத்தண்ணிக்கு நன்றி, சேர். பொலிஸ் ஸ்டேஷனிலும் இஞ்சி அளவாகப் போட்டிருக்கிறார்கள்.

என் பெயர் ஸம்றா. கல்முனையில் வீட்டில் இருந்தபடியே மென்பொருள் எழுதுகிறேன். இறக்காமத்தில் வயல் காவல்காரர் தங்கும் அந்தக் குடிலில், அந்த வாடியில் இருந்த யானை எச்சரிக்கைப் பெட்டி என்னுடைய வேலை. காட்டோரக் கம்பத்துக் கருவி யானையைக் கண்டால் பெட்டிக்குச் செய்தி அனுப்பும், பெட்டி கத்தும். செய்தி ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் கத்தாது. போய்விட்ட யானைக்காக மனிதரை ஓட வைக்கக் கூடாது என்று நானே வைத்த விதி. அதை இப்போதும் பிழை என்று சொல்ல மாட்டேன்.

பிழை வேறு இடத்தில். செய்தி வந்த நேரம் பெட்டிக்குள் ஒரு பெரிய எண். என் லெப்டொப்பின் சில்லில், அதாவது அதன் மூளையான சிப்பில், அது ஒரே அறைக்குள் அடங்கிவிடும். பெட்டியில் இருப்பது சின்னச் சில்லு, அறைகளும் சிறியவை. எண்ணை இரண்டு துண்டாக்கி இரண்டு அறைகளில் வைத்துத்தான் கைமாற்ற வேண்டும். எந்த அறைகள் என்று தீர்மானிப்பது கொம்பைலர், அதாவது நாம் எழுதியதைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள். செய்தியை வாங்கும் பகுதியை நான் எழுதவில்லை, வெளியாரிடம் ஆயத்தமாக வாங்கினேன். அதைப் பழைய கொம்பைலரில் செய்திருந்தார்கள். அது எண்ணை இரண்டாம், மூன்றாம் அறைகளில் வைத்தது. என்னுடைய புதிய கொம்பைலர் இரண்டாம் அறையை வெறுமையாக விட்டுவிட்டு, மூன்றாம், நான்காம் அறைகளில் தேடியது. கிடைத்தது பாதி எண் மட்டும். இன்றைய செய்தி, கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் 1970ஆம் ஆண்டுத் திகதியோடு நின்றது; பழைய செய்தி என்று பெட்டி கத்தாமல் விட்டுவிடும்.

லெப்டொப்பில் எல்லாச் சோதனையும் பாஸ். பெட்டியின் சிவப்புச் சோதனைப் பொத்தானை அழுத்தினால் நேரத்தைப் பாராமல் சத்தம் நேரே வரும், அதனால் வயலிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வியாழக்கிழமை தெரிந்தது. சனிக்கிழமை திறப்பு விழா, பெரிய ஆட்கள் வருகிறார்கள். எனக்குப் பயம், சேர். பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். ஒரு கிழமைக்குள் திருத்திவிடலாம், அதற்குள் யானை எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

அங்கே காவலுக்கு இரண்டு பேர், மூத்தவர் பாயிஸ் காக்காவும் இளையவன் றம்ஸீனும். மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, ஒருவர் தொழும்போது மற்றவர் யானையை விரட்டும் வெடியோடு காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு ஆள் மாறுவார்கள். திறப்பு விழாவில் பாயிஸ் காக்கா என்னிடம் வந்தார்.

“புள்ள, அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒண்டா நிண்டு தொழலாமா? ஒத்தன் காவல் நிக்கத் தேவல்லயா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஓம் காக்கா. யானை வந்தா இது கத்தும்.”

“அல்ஹம்துலில்லாஹ். பதினெட்டு வருஷமா இந்த வயல்ல ஜமாஅத்தா ஒரு மஃரிப் தொழல்ல புள்ள.”

அங்கேயே நின்று எனக்காகத் துஆச் செய்தார். நல்ல மனிதர்.

செவ்வாய்க்கிழமை மஃரிப் நேரம் யானை அவர்களுடைய முதுகுப் பக்கமாக வந்தது. பாயிஸ் காக்கா நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் இருந்தாராம். அங்கேயே மவுத்து. றம்ஸீனுக்கு இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில். விடிந்ததும், உங்கள் ஆட்கள் வருமுன் நான் வாடிக்குப் போனேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவிச்சை அணைத்தேன். வேறொன்றையும் தொடவில்லை.

ஜனாஸா வீட்டில், பெட்டி அணைந்து கிடந்ததைக் கேள்விப்பட்ட அவருடைய மனைவி, நான் அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடும் றினோஸா, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அவரா தங்கச்சி பெட்டிய நிப்பாட்டினார்?”

“ஓம் தாத்தா.”

“யா அல்லாஹ், ஏன் இந்த மனுசன் இப்பிடிச் செஞ்சார்!” என்று அழுதார். கோபம் வந்தால் துக்கம் கொஞ்சம் குறையும் என்று எனக்குத் தோன்றியது.

நேற்று றம்ஸீன் கண் விழித்து, “லைட் எரிஞ்சதுதான், கத்தல்ல” என்று சொல்லிவிட்டானாம். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்டபடி எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் வந்துவிட்டது போல. நேரம் என்ன, சேர்? ஆறு மணியா? இன்னும் பதினொரு வாடிகளில் அதே பெட்டி இருக்கிறது. அங்கேயும் இரண்டிரண்டு பேர்தான் காவல். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பயமில்லாமல் தொழட்டும் என்றுதான்.