நான்காம் மூலையின் மூச்சு

பாரம் தாங்கும் சுருள்களின் பாஷை அறிந்த பண்பே! பணிமனையின் பொறுமையே! பணிநிறைவு காணும் எங்கள் 'ஸ்பிரிங்' அக்காவே!

சரிபார்ப்புச் சீட்டுகளைத் தவிர வேறெதுவும் எழுதியறியாத கை, இம்மடலை எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறது. தங்களை நேர்நின்று விளிக்க நாக் கூசுவதால், அக்காவைப் பற்றி அவையோருக்குச் சொல்வது போலவே சொல்லிச் செல்வதையும் பொறுத்தருள வேண்டும்.

லாரிப் பயணத்தில் குலுங்காதிருக்க, சக்கரத்துக்கு ஒன்றாக ஸ்பிரிங்குகளுக்குள் ரப்பர்க் கட்டைகள் செருகப்பட்டே புதுக் கார்கள் நம் வாயிலுக்கு வரும். நெடுவழி முழுதும் மூச்சைப் பிடித்தபடி வந்து, விறைத்து நிற்கும். முப்பத்தோர் ஆண்டுகளாக அக்கா அவற்றை லிஃப்டில் ஏற்றி, கட்டை நான்கையும் களைந்து, கீழிறக்கி, ஒவ்வொரு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தினார். அழுத்திய மூலை மெல்லத் தாழ்ந்து மெல்ல எழும். அவர் கண்கள் பாதி மூடும். வந்த வழியின் களைப்பெல்லாம் அந்த ஒற்றை மூச்சில் கரைவதாக அவருக்குத் தோன்றும். மெழுகு மணமும் கூரைக் கண்ணாடியின் வெளிச்சமும் கலந்த கூடமே ஒருகணம் மிதக்கும்!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல். மூன்று கட்டைகளை எடுத்திருந்தபோது உதிரிபாக அறையிலிருந்து அக்காவை அழைத்தார்கள். அவர் திரும்புவதற்குள், 'நான்கும் எடுக்கப்பட்டன' என்று சீட்டில் கையொப்பமாகி, கார் கழுவப்பட்டு, வாங்க வந்த தம்பதியர் முன் நின்றது. அவர்கள் மகள் பின்னிருக்கையில் ஏறி உறங்கியே விட்டாள். அக்கா ஓடி வந்தார்.

"ஃபோட்டோ எடுத்தாச்சு, சாவியும் குடுத்தாச்சுக்கா! நாளைக்கு வரச்சொல்லி எடுத்துக்கலாம்," என்றார் மேலாளர்.

"அதுவரைக்கும் இவங்க ஒரு வளைவுகூடத் திரும்பாம இருப்பாங்களா சார்? ஒரு மூலை மட்டும் விறைச்சிருந்தா வண்டி வளைவுல தடுமாறும்!"

நான்காம் மூலையை அழுத்தினார். அது கல்லாய் நின்றது.

"பாப்பாவத் தூக்கிக்கோங்கம்மா. முக்கால் மணி நேரந்தான்."

கட்டை வெளியே வந்தது. மூலை மூச்சுவிட்டது.

"சீட்டுல கையெழுத்துப் போட்டது யாரு?" என்று மேலாளர் சீறினார். சீட்டோ அதற்குள் அக்காவின் சட்டைப் பையில் மடிந்திருந்தது.

"பாதியில விட்டுட்டுப் போனது நான்தான் சார்."

மாலையில் அந்தச் சீட்டை, சரிபார்ப்புச் சீட்டெழுதும் எழுத்தரின் மேசைமேல் வைத்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு எழுத்தரே. இனிமே கட்டையையும் எண்ணிட்டுப் போடுங்க!"

எழுத்தர் அன்றும் வாய் திறக்கவில்லை. அதன் பின்னும் திறக்கவில்லை. மேலாளர் அவர்களும் வீற்றிருக்கும் இம்மேடையில் இதை வாசிப்பவர் அந்த எழுத்தரே.

இனி எந்தக் காரின் அடியிலும் குனிய வேண்டாத முதுகோடும், வலியறியாத மூட்டுகளோடும், விரும்பிய பொழுதெல்லாம் பகலுறக்கத்தோடும் நெடுங்காலம் வாழ்க அக்கா!

இவ்வண்ணம்,
பணிமனைத் தோழர்கள் அனைவரும்,
அவர்களுள் ஒருவராய் அந்த எழுத்தரும்.

இம்மடலை இடும் கண்ணாடிச் சட்டகத்துள் இதுவும் இருக்கட்டும். அன்று இழந்தவை:
தம்பதியர்: முக்கால் மணி நேரம்.
அவர்கள் மகள்: ஓர் உறக்கம்.
அக்கா: அவ்வாண்டு வரவிருந்த தலைமை மெக்கானிக் பதவி. பிறகும் அது வரவில்லை.
எழுத்தர்: ஒன்றுமில்லை.