நம்முடையது அல்லாத பள்ளம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கொட்டை சேகரிப்போர் சங்கத் தலைவி சுலெய்டி அம்மையார் அவர்களே! ரப்பர் மரம் கீறிய கத்தித் தழும்பை இன்னும் கட்டைவிரலில் சுமக்கும் பெரியவர்களே! காட்டுக்கொட்டை உடைத்து உடைத்து உள்ளங்கை காய்த்துப்போன தாய்மார்களே! தமது லாரியின் பின்தட்டை எனக்கு மேடையாகவும், தமது மாட்டை உங்களுக்கு விருந்தாகவும் தந்திருக்கும் பண்ணையார் எவிலாசியோ அவர்களே! உங்கள் எல்லோருக்கும் ஜுராந்திரின் ஆகஸ்டு ஆறாம் நாள் வணக்கம்.

கை தட்டாதீர்கள். தயவுசெய்து, இன்று வேண்டாம்.

இருபத்திரண்டு ஆண்டுகள்! பொலிவியப் படையை விரட்டி இந்த ஆக்ரி மண்ணை மீட்ட நம் போரின் நினைவு நாளில், இருபத்திரண்டு ஆண்டுகள் இதே இடத்தில் நின்று பேசினேன். எங்கே நின்று? பள்ளத்தின் கரையில் நின்று! வட்டமாக வளைந்து, இரண்டு ஆள் ஆழத்துக்கு வாய் பிளந்து கிடந்ததே, அந்தப் பள்ளத்தின் கரையில் நின்று! "பொலிவியப் படையை எதிர்க்க நம் முன்னோர் வெட்டிய பதுங்குகுழி இது! என் முப்பாட்டன் ஒனொராத்து துப்பாக்கியோடு சாய்ந்த மண் இது!" என்று முழங்கினேன். ஆண்டுக்கு ஆண்டு அவர் சுட்ட குண்டுகள் கூடிக்கொண்டே போயின. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உண்மைதானே.

பேச்சு முடிந்ததும் ஒன்பது வீரர்களின் பெயரை நான் ஒவ்வொன்றாக அழைப்பேன். நீங்கள் ஒரே குரலில் "இருக்கிறார்!" என்பீர்கள். பிறகு ஆணும் பெண்ணும் அரிவாளோடு இறங்கிப் பள்ளத்தில் முளைத்த முட்புதரை வெட்டுவோம். ஒருவன் குப்பை போட்டானா? ஒரு மாடு உள்ளே இறங்கியதா? எவிலாசியோ கூட இந்த நிலத்தை வாங்கியதும் பள்ளத்தைச் சுற்றி வேலிதான் போட்டார்.

பிறகு ஐவோனி வந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து மண் தோண்டிப் பார்க்க வந்த பெண். மூன்று வாரம் தோண்டினார். அடிமண்ணில் கிடைத்த கரியில் ஒரு பொட்டலத்தைச் சோதனைக்கு எடுத்துப்போனார். ஓராண்டு கழித்து நேரே என் வீட்டுக்கு வந்து, நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கரிக்கு ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. அப்போ துப்பாக்கியே கிடையாது. தோண்டின மண்ணையும் வட்டத்துக்கு வெளிப்பக்கமா கொட்டியிருக்காங்க பாருங்க. வட்டத்துக்கு உள்ளே பதுங்கிக்கிறவன், வெளியே நிக்கிற எதிரிக்கா கரை கட்டிக் குடுப்பான்?"

இருபத்திரண்டு ஆண்டு அந்தக் கரையில் நின்றவன் நான். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை!

இன்னொன்றையும் இன்றே சொல்லிவிடுகிறேன். என் முப்பாட்டன் போரில் சாகவில்லை. படகில், காய்ச்சலில் செத்தார். என் அம்மா சொல்லியிருக்கிறாள். மற்ற எட்டுப் பெயர்களும் நானே இட்டுக்கட்டிச் சேர்த்தவை. காட்டை வெட்டினோம், வெட்டிய இடத்தில் பள்ளம் தெரிந்தது, பள்ளத்துக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. கதை சொல்ல நான் இருந்தேன்.

செய்தி பரவியது. கடை வாசலில் இந்த ஜெசுவால்தோ கேட்டான், "என்னண்ணே, உங்க முப்பாட்டனுக்கு ரெண்டாயிரம் வயசாமே, பென்ஷன் வாங்கிக் குடுத்தீங்களா?" தலையைக் குனியாதே தம்பி, நல்ல கேலிதான் அது. எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் நான் வரவில்லை. நான் வராததால் நீங்களும் வரவில்லை. புதர் மண்டியது, வேலி சரிந்தது, இந்த மே மாதம் ஒரு பசு விழுந்து கால் முறிந்தது.

எவிலாசியோ கெட்டவர் அல்லர். என் முற்றத்துக்கு வந்தார், தொப்பியைக் கழற்றினார். "ஜுராந்திர், அந்தப் பள்ளத்தை மூடிடலாம்னு பாக்கறேன். ஆனா அது உங்களுது. நீங்க வேணாம்னா தொட மாட்டேன். என்ன சொல்றீங்க?" என்றார்.

என்ன சொன்னேன் தெரியுமா? குண்டுக் கணக்கை ஆண்டுதோறும் கூட்டிய இந்த வாய், பேசு பேசு என்று நீங்கள் வளர்த்த இந்த வாய், என்ன சொன்னது தெரியுமா?

"அது எங்களுது இல்லீங்க."

அவ்வளவுதான். பள்ளத்தை மூடி நிரவ டிராக்டருக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

நம்முடையது என்று பொய்யாக நம்பியிருந்த வரையில் அதைக் கண்ணாகக் காத்தோம். வேறு யாருடையதோ என்ற உண்மை தெரிந்ததும் கைவிட்டோம். இதைவிடக் கேவலம் உண்டா? இரும்பு இல்லாமல், மாடு இல்லாமல், மரக்கோலால் கிளறிக் கூடையால் சுமந்தவர்கள் எத்தனை பேர்? தோள் வலிக்கிறது என்று கூடையை இறக்கி வைத்த பெண் ஒருத்தி இருந்திருக்க மாட்டாளா? எல்லோரும் தோண்ட, கரையில் நின்று பேசிக்கொண்டே இருந்த என்னைப்போல் ஒருவன் இருந்திருக்க மாட்டானா? அவர்கள் இந்த இடத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? ஐவோனிக்கும் தெரியாது. மேல் ஆற்றுப் பழங்குடிகளான அபுரினா மக்கள் இந்தப் பக்கம் வந்தால் பள்ளத்தைச் சுற்றித்தான் போவார்கள், உள்ளே கால் வைக்க மாட்டார்கள். நாம் சிரித்தோம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டோமா?

இனி மிச்சம் ஒன்றே ஒன்று. அதே பழைய கைகள் வெட்டிய ஓடைக்கரைச் சதுரப் பள்ளம். நடுவே மூன்று கொட்டைமரங்கள். சட்டம் அவற்றை வெட்டவிடாது. ஆனால் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டுகள் காட்டோடு போய்விட்டன, மரங்கள் காய்ப்பதில்லை. இன்று காலை, இறைச்சி அடுப்பில் ஏறும் முன், எவிலாசியோ என்னிடம் கேட்டார், "அதுவும் உங்களுது இல்லதானே?" பேசி முடித்துச் சொல்கிறேன் என்றேன். திரும்பிப் பாருங்கள், வாயிலில் டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்கிறது.

எவிலாசியோ அவர்களே, சபையறியச் சொல்கிறேன். ஆமாம், அது எங்களுடையது அல்ல! என்னுடையது அல்ல, என் முப்பாட்டனுடையது அல்ல! எங்களுடையது அல்லாததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் யார்? மே மாதம் எனக்கு உரிமை இல்லாத ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். அதை இன்னொரு முறை செய்ய மாட்டேன்! செய்ய மாட்டேன்!

டிராக்டரின் எஞ்சின் இன்னும் நிற்கவில்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை, சொந்தங்களே. நான் இல்லை என்றால் வேறு யாராவது சரி என்பார்கள்.

இப்போது பெயர் அழைக்கும் நேரம். இதோ தாள். வெறும் தாள். அழைக்க ஒரு பெயரும் இல்லை. ஆனாலும் அழைக்கிறேன்.

கூடை சுமந்தவர்களே!

பார்த்தீர்களா? போரில் இல்லாத ஒன்பது பேருக்கு இடிபோல் எழுந்த குரல், இருந்த ஆயிரம் பேருக்கு எழவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. பழக்கியவன் நான்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. இறைச்சி ஆறிப்போகும், மரவள்ளி மாவு தூவிச் சாப்பிடுங்கள். நான் ஓடைக்கரைக்குப் போகிறேன். உள்ளே கால் வைக்க மாட்டேன். டிராக்டர் வரும் வழியில், கரையின் மேல், இந்த முறை வாயை மூடிக்கொண்டு நிற்பேன். வணக்கம்.