பழுதே இல்லாத ஹெட்போன்

விஜயநகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் சால்வை போர்த்திய அட்டைப்பெட்டி. பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் கணவர், “பெட்டியைச் சாய்ச்சுடாதே” என்றார்.

“இது ரிப்பேர்ல இருந்தாத்தான் அவர் என்கூடப் பேசறார்” என்றார் மனைவி, குரலைத் தாழ்த்தி.

“என்னக்கா இது?”

“அவரோட ஹெட்போனும் அதுக்குன்னே இருக்கற ஆம்ப்ளிஃபயரும். எலெக்ட்ரோஸ்டாடிக்காம். உள்ள மெல்லிசா ஒரு தாள் இருக்கு, அதுல தூசி பட்டாலே படபடங்குமாம். ரிடையர் ஆனதுல இருந்து சாப்பிடத்தான் கழட்டறார்.”

“இப்ப என்ன கோளாறு?”

“பாட்டு நடுவுல படபடன்னு சத்தம். கடையில நாள் பூரா ஓட்டிப் பார்த்தாங்க, ஒண்ணும் வரலை; இன்னிக்கும் அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்தா, சமையல் நேரத்துல மட்டும் வருது.”

“ஹௌதா, நிஜமாவா? அது எப்படி?”

“அதோட ரெண்டு பக்கமும் சல்லடை மாதிரி திறந்திருக்கும்மா. வெளிச்சத்தம் அப்படியே உள்ள போகும். நான் கடுகு தாளிக்கறதுதான் கேக்குது.”

இளையவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. “அவர்கிட்ட சொல்லலையா?”

“சொல்லணும்தான். ஆனா இது கடையில இருந்த வாரம் பூரா, பக்கத்துல உக்காந்து அவரைக்காய் உரிச்சுக் கொடுத்தாரு. ஆபீஸ் கதையெல்லாம் சொல்லிச் சொல்லி சிரிச்சாரு.”

அவர்கள் இறங்கும் ஸ்டாப் வந்தது. கணவர் முன்னால் வந்து பெட்டியைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு முதலில் இறங்கினார்.

“இன்னிக்கு என்ன சமையல்க்கா?”

“ரசம். கடுகு கொஞ்சம் கூடவே போடலாம்னு இருக்கேன்.”