வேலியோரம் ஒரு குழி

— மறுபடியும் மண்வெட்டி மேல சாஞ்சிட்டியா லூதர்? சர்க்கார் வேலைன்னா இதானா?

— மூச்சு வாங்கிக்கிறேன் டாக்கெட் முதலாளி. காலையிலேருந்து வேலி மேல சாஞ்சு நிக்கிறது நீங்கதான்.

— என் வேலி, என் கொல்லை. நான் சாய்வேன். கக்கூஸ் கட்டுறதுக்கு ஒரு அரசாங்கமா? த்தூ!

— பலகை உங்களுது, ஆள் சர்க்காருது. தரைக்குக் காங்கிரீட் போடுறோம், அசைக்க முடியாது. போன ஹாலோவீன் ராத்திரி, பேய் வேஷம் போட்ட பசங்க வெளையாட்டுக்குப் பழைய கக்கூஸைக் கவுத்தப்போ நீங்க உள்ளதான இருந்தீங்க?

— அந்தப் பேச்சை எடுக்காத! ஊரு சிரிச்சது போதும். நான் சொல்ல வந்தது வேற. நம்மகிட்ட வரி வாங்கி, நம்ம கையிலயே மண்வெட்டியைக் குடுத்தா அது வேலையா? கடைக்காரன் குடுக்கிறான் பாரு, அதான் வேலை.

— ஒரு நாள் கடைக்காரராலயும் குடுக்க முடியாமப் போச்சே.

— குத்திக் காட்டுறியா?

— ஐயோ, இல்ல முதலாளி. உங்க கடையிலேருந்து என்னை நிறுத்துன அன்னிக்கு ஒரு பன்னித்தொடையைக் காகிதத்துல சுத்திக் குடுத்தீங்க. என் சம்சாரம் எட்னா இன்னமும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபத்துல உங்க பேரைச் சொல்றா.

— சரி சரி. அதுக்குத்தான் கூப்பிடுறேன். திங்கக்கிழமை கடைக்கு வந்துரு. வியாபாரம் தேறிருச்சு.

— எப்படித் தேறுச்சாம்?

— சனிக்கிழமை ஆச்சுன்னா உங்க கூட்டம் பூரா மாவு, பூட்ஸுன்னு வந்து நிக்குதே.

— அப்ப சர்க்கார் சம்பளம்தான்...

— சர்க்காரா வந்து மாவு விக்குது? கடையைத் தொறந்து வச்சிருந்தது நான்!

— அதுவும் நெசந்தான். ஆனா பயமா இருக்கு முதலாளி. இதை விட்டுட்டா என் எடத்துல வேற ஆளு வந்துருவான். கடை மறுபடி படுத்துட்டா? வீட்டுல மூணு பிள்ளைங்க.

— படுக்காது. படுத்தாலும் ஒரு வழி பார்ப்பேன்.

— மேஸ்திரி ஒரு கதை சொன்னாரு. குளிர்காலத்துல ஒருத்தர் கவுண்டி சர்க்கார் ஆபீஸுக்கு நடையா நடந்தாராம். சர்க்காரால வேலை உண்டாக்க முடியாதுன்னு ஒரு பாட்டம் திட்டுறது; அப்புறம் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு, எங்க ஊருக்கு எதாவது வேலை குடுங்கன்னு கெஞ்சுறது.

— கிறுக்கனா இருப்பான்.

— "நான் வேலையை விட்டு நிறுத்துன ஒருத்தன் இருக்கான், அவனை மொதல்ல எடுங்க, எனக்குத் தூக்கம் வரல"ன்னு சொன்னாராம்.

— மேஸ்திரிக்கு வாய் நீளம்.

— பேரைச் சொல்லல அவரு.

— சொல்லாம இருந்தா சரி. பேச்சை விடு. திங்கக்கிழமை வர்றியா, இல்லையா?

— வரேன். ஆனா இந்தக் குழியை முடிச்சிட்டுத்தான் வருவேன், முதலாளி. நீங்க தொப்பியைக் கழட்டி எனக்கு வாங்கிக் குடுத்த வேலையாச்சே, பாதியில விட மனசு வரல.